பொந்தியானாக் போன வழியில்

பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் சாயங்காலம் ஆனால் பூக்கடைகளில் கை ஓயாது. மல்லிகைச் சரம், சாமந்தி, ரோஜா இவற்றோடு நீளத் தண்டோடு கட்டுக்கட்டாகச் சம்பங்கியும் வந்து இறங்குகிறது. கடைக்காரப் பெண் தண்டிலிருந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளுகிறார். காம்பில் ஊசியைக் குத்தி நூலில் இறக்குகிறார். மெழுகில் வார்த்தது போன்ற தடித்த வெள்ளை இதழ், மொட்டின் நுனியில் மட்டும் லேசாக இளஞ்சிவப்பு. பகலில் அடக்கமாக இருக்கும் வாசனை, இருட்ட இருட்டத்தான் ஏறும். கல்யாண மாலைக்கும் சாமி மாலைக்கும் இந்தப் பூ இல்லாமல் ஆகாது.

இதே பூவின் வாசனைதான் 2004ல் மலேசியத் திரையரங்குகளைக் கிடுகிடுக்க வைத்தது. சுஹைமி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' தன் தலைப்பிலேயே சம்பங்கியைச் சூடிக்கொண்ட படம். கதை 1949ல் தொடங்குகிறது. மெரியம் என்ற நடனக்காரி வயிற்றில் பிள்ளையோடு கொல்லப்படுகிறாள். பேயாகத் திரும்பி வந்து, கொன்றவனின் குடும்பத்தைத் தலைமுறை தாண்டித் துரத்துகிறாள். மெரியமாக நடித்தவர் மாயா கரின். பாழடைந்த பங்களா, பழைய காலத்து உடை, ஊரார் கிசுகிசுக்கும் 'நடந்த கதை' என்று சரித்திரப் பேய்ப்படத்துக்கு வேண்டிய எல்லாப் பொருத்தமும் அதற்கு உண்டு.

மலாய்க் கிராமங்களில் கேட்டால் பொந்தியானாக்கை யாரும் கற்பனை என்று சொல்லமாட்டார்கள். பிரசவத்தில் இறந்தவள் அவள். வாழை மரத்தில் குடியிருப்பாள். பக்கத்தில் செடியே இல்லாத இடத்தில் ராத்திரி திடீரென்று பூவாசம் அடித்தால் ஓட்டம் பிடிக்க வேண்டும். பின்கழுத்தில் ஆணி அடித்துவிட்டால் அழகான, அடக்கமான மனைவியாக இருப்பாள். ஆணியை எடுத்தால் பழையபடி பேய். அந்த வாசனை செம்போஜா எனப்படும் ஃபிராங்கிபானிப் பூவினுடையது என்றுதான் பெரியவர்கள் பெரும்பாலும் சொல்லுவார்கள். சம்பங்கியாக மாற்றியது சினிமா.

பூ மட்டும் மாறவில்லை. பேயின் உடை, பெயர், அது பேயான காரணம் எல்லாவற்றிலும் சினிமாக்காரர்கள் கைவைத்திருக்கிறார்கள். 'காலங்காலமாக வரும் உண்மைக் கதை' என்று இன்று ஊரே நம்புவதில் எவ்வளவு கிராமத்தினுடையது, எவ்வளவு படப்பிடிப்புத் தளத்தினுடையது என்று பார்க்கக் கிள்ளான் ஆற்றங்கரையைவிட வசதியான இடம் இல்லை. பிரிக்பீல்ட்ஸ், உலு கிள்ளான், கிள்ளான் மூன்றையும் ரயிலிலும் வாடகைக் காரிலுமாகச் சுற்றி வந்துவிடலாம்.

பிரிக்பீல்ட்ஸ் சூளைகளில் பிறந்த ஊர். 1881ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் ஓலை, மர வீடுகளைத் துடைத்துப் போட்டபின் செங்கல் கட்டடங்கள்தான் வேண்டும் என்று ஆங்கில அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். யாப் க்வான் செங்கின் செங்கல் சூளைகள் இங்கே புகைந்தன. பிறகு ரயில்வே வந்தது. அதில் வேலை பார்க்க இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் வந்தார்கள். 1904ல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமமும் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள். ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரித்த பழைய யார்டு இருந்த இடத்தில்தான் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே வாழும் தமிழர்களுக்குப் பேய்ப்படம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'சந்திரமுகி'யாகத்தான் இருக்கும். 2005ல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் 1993ன் மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. அதை எழுதிய மது முட்டம், மத்தியத் திருவிதாங்கூரின் ஆலும்மூட்டில் தறவாட்டில் நடந்த ஒரு கொலையிலிருந்து கதையின் விதையை எடுத்தார். கொலை நடந்தது நிஜம். நாட்டியக்காரி நாகவல்லி திரைக்கு வந்தபோது சேர்ந்தவள். நடந்த சாவு ஒன்று, அதன்மேல் சினிமா போர்த்திய பட்டு ஒன்று. இந்த வாய்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு மலாய்ப் பேயைப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும்.

பொந்தியானாக்கை முதன்முதலாகப் பெரிய நட்சத்திரமாக்கிய இயக்குநர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர். பி.என். ராவ் கேரளத்தில் பிறந்தவர். தமிழில் 1939ல் 'ரம்பையின் காதல்' எடுத்தார். சாபத்தால் சிலையாகிப் பூமியில் நிற்கும் தேவலோகப் பெண்ணின் கதை அது. 1945ல் ரஞ்சனும் எம்.ஜி.ஆரும் நடித்த 'சாலிவாகனன்' அவர் இயக்கியது. 1950களில் சிங்கப்பூருக்குக் கப்பலேறி, முதலில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் எடுத்தார். பிறகு போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸுக்குப் போனார். அங்கே 1957ல் அவர் எடுத்ததுதான் 'பொந்தியானாக்'. கதையை எழுதியவர் அப்துல் ரசாக். கதாநாயகி அவருடைய அப்போதைய மனைவி மரியா மெனாடோ.

கூன் விழுந்த, அழகற்ற சோமெல் மந்திரத்தால் பேரழகியாகிறாள். இரத்தம் மட்டும் நாக்கில் படக்கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்ற அவள் விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள். அத்தோடு அழகு போய்ப் பேய் வருகிறது.

இந்தக் கதையைக் கேட்கும் தமிழருக்கு எங்கேயோ கேட்ட ராகமாக இருந்தால் வியப்பில்லை. வரமும் சாபமும், ஒரே ஒரு விலக்கு, பதியைக் காக்கத் தன்னைத் தொலைக்கும் பத்தினி என்று அம்மன் படங்களும் நாடக மேடைகளும் பல்லாண்டு விற்ற சரக்கு அது. மலாய் நம்பிக்கையில் பிரசவ மரணம்தான் பேய்க்குக் காரணம். ராவின் படத்தில் அதற்குக் காரணம் கணவன்மேல் வைத்த பாசம்.

1957 ஏப்ரலில் சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் வெளியான படம் வாரக்கணக்கில் ஓடித் தீர்த்தது. மலாய் தெரியாத சீனர்களும் கூட்டமாக வந்தார்கள். அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', மறு ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' என்று ராவும் மெனாடோவும் அடுத்தடுத்துக் கொடுத்தார்கள். ஷா சகோதரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? 1958ல் அவர்களுடைய 'அனாக் பொந்தியானாக்' வந்தது. ஷாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற கேத்தேயின் முதலாளி லோக் வான் தோ, கோலாலம்பூரில் 1915ல் பிறந்தவர். ஈயச் சுரங்கத்தில் பணம் குவித்த லோக் யூவின் மகன். சிங்கப்பூரில் உலவிய அந்தப் பேய்க்குப் போட்ட முதலில் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈயமும் கலந்திருந்தது.

அந்தக் காலத்து மலாய் சினிமாவின் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தால் இந்தியப் பெயர்கள் வரிசையாக வரும். முதல் மலாய்ப் பேசும் படம் என்று சொல்லப்படும் 'லைலா மஜ்னுன்' பி.எஸ். ராஜ்ஹன்ஸின் கைவண்ணம். 1956ன் 'ஹாங் துவா' பணி மஜும்தாருடையது. சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 1950ல் 'பக்தி' படத்தில் நடிகர் பி. ராம்லியை முதன்முறையாகக் கதாநாயகனாக்கினார். இவர்களோடு சென்னை, பம்பாய், கல்கத்தா ஸ்டூடியோக்களின் பாட்டும் ஆட்டமும் கண்ணீர்க் காட்சியும் கப்பலேறி வந்தன. பேயும் பாடக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறி கிளானா ஜெயா தடத்தில் வடகிழக்காகப் போனால் மஸ்ஜித் ஜாமேக் வருகிறது. கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் சேரும் முனை அது. பள்ளிவாசலின் வெள்ளையும் சிவப்புமான கோடுகளுக்குக் கீழே இரண்டு ஆறும் சிமெண்டுக் கரைகளுக்கு இடையில் கலங்கலாக ஓடுகின்றன. கோம்பாக் என்ற பெயரைக் கேட்டால் 2012ஆம் ஆண்டுச் செய்தித்தாள் படித்தவர்களுக்கு ஒரு சமாச்சாரம் நினைவுக்கு வரும். பத்துமலைக்குப் பக்கத்தில் கம்போங் லக்சமானாவில் 'ஒராங் மின்யாக்' நடமாடுகிறது என்று ஊரே ராத்தூக்கம் கெட்டது. இளைஞர்கள் கம்பும் கத்தியுமாக ரோந்து சுற்றினார்கள். மாட்டியவர் எவரும் இல்லை.

ஒராங் மின்யாக் என்பது உடம்பெல்லாம் கருப்பு எண்ணெய் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடும் ஆள். கன்னிப் பெண்கள்தான் அவன் குறி. பெண்கள் தங்கும் விடுதிகளில், ஆண்களின் வியர்வை படிந்த சட்டையை மாட்டிக்கொண்டு படுத்தால் பக்கத்தில் ஆண் இருக்கிறான் என்று நினைத்து ஓடிவிடுவான் என்பார்கள். 1957ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவனைப் பற்றிய பீதி பரவிப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த வருடமே மூன்று படங்கள்! பி. ராம்லி தானே இயக்கி நடித்த 'சும்பா ஒராங் மின்யாக்', எல். கிருஷ்ணனின் 'ஒராங் மின்யாக்', 'செராங்கான் ஒராங் மின்யாக்'. செய்தித்தாளின் மை காய்வதற்குள் டிக்கெட் விற்றாயிற்று.

ராம்லி செய்த வேலை தந்திரமானது. நடப்புக் காலத்துப் பீதியை எடுத்துப் பழங்காலக் கிராமத்தில் கொண்டுபோய் வைத்தார். கூனனாக இருந்து ஊராரின் கேலிக்கு ஆளான பத்திக் ஓவியன், அழகு வேண்டி வரம் வாங்கி, அகந்தையால் அதை இழந்து, சைத்தானிடம் சிக்கிக்கொள்கிறான். நேற்று ராத்திரி ஜன்னலில் தெரிந்ததாகச் சொன்ன உருவத்துக்கு ஒரே படத்தில் பூர்வீகமும் புராணமும் கிடைத்துவிட்டன. 2012ல் கம்பு தூக்கிய இளைஞர்கள் தாத்தாக்களிடம் அந்தக் கதையைக் கேட்டிருக்கலாம். ஆனால் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போடும் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது.

வங்சா மாஜு நிலையத்தில் இறங்கிக் காரில் போனால் உலு கிள்ளான். மிருகக்காட்சி சாலையான சூ நெகாராவுக்குப் போகும் குடும்பங்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். அதையொட்டியே ஃபினாஸ், அதாவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் வளாகம். 1960களின் தொடக்கத்தில் ஹோ ஆ லோக்கும் எச்.எம். ஷாவும் சேர்ந்து மெர்டேக்கா ஸ்டூடியோவை ஆரம்பித்த இடம் இது. சிங்கப்பூர் ஸ்டூடியோக்கள் தள்ளாடத் தொடங்கியதும் 1964ல் ராம்லி கோலாலம்பூருக்கு வந்து இங்கேதான் படம் எடுத்தார். 1972ன் 'லக்சமானா டோ ரே மி' அவர் கடைசிப் படம். மறு ஆண்டு மே 29ஆம் தேதி, 44 வயதில் இறந்தார். அவர் கடைசியாக வாழ்ந்த செத்தாபாக் வீடு இப்போது நினைவகம். இங்கிருந்து பத்து நிமிடத் தூரம்.

ஹோ ஆ லோக் யார் என்று தெரிந்தால் உலு கிள்ளான் வந்ததற்குப் பலன் கிடைக்கும். கேத்தே-கெரிஸில் 'கெரிஸ்' பாதி அவருடையது. 1957ன் பொந்தியானாக்கைத் தயாரித்தவர் அவர். கூட்டைப் பிரித்துக்கொண்டு வந்தபோது தன் பங்குப் படச்சுருள்களைக் கையோடு கொண்டுவந்தார். பிற்பாடு வைக்க இடமில்லாமல் அவற்றைத் தண்ணீரில் வீசிவிட்டார் என்பது சினிமாக்காரர்கள் இன்றுவரை சொல்லும் கதை. ஆறு என்பார் சிலர், கைவிட்ட ஈயக் குட்டை என்பார் வேறு சிலர். எப்படியோ, முதல் 'பொந்தியானாக்'கும் 'டெண்டாம் பொந்தியானாக்'கும் இன்று உலகில் எந்தக் காப்பகத்திலும் இல்லை. மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' மட்டும் தப்பியது. தப்பிப் பிழைத்த 91 கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களின் தொகுப்பை, 2014ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

ஆகவே முதல் படத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம், பார்த்தவர்களின் ஞாபகம் ஆகியவற்றை வைத்துத்தான் பேசுகிறார்கள். அரங்கில் மயங்கி விழுந்தவர்கள், ராத்திரி தனியாக வீட்டுக்குப் போக மறுத்தவர்கள் என்று கதை கதையாக வருகிறது. பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களுக்கும் படத்தைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களுக்கும் இப்போது கையில் இருக்கும் சாட்சியம் ஒரே தரம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1970களுக்குப் பிறகு மலேசியாவில் பேய்ப்படம் அருகிப்போனது. மூட நம்பிக்கையை வளர்க்கும், மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று தணிக்கையின் கெடுபிடி. 2004ல் சம்பங்கிப் பேய் வென்ற பிறகுதான் கதவு திறந்தது. 2007ல் 'ஜாங்கான் பாண்டாங் பெலாக்காங்' வசூலைக் குவித்தது. அதன்பின் வருஷம் முழுக்கப் பேய்தான். 2019ல் 1965ஆம் ஆண்டைக் களமாக வைத்துப் பழைய பாணியிலேயே மீண்டும் ஒரு 'டெண்டாம் பொந்தியானாக்' வந்தது. காணாமல் போன படத்தின் பெயரைப் புதிய படம் எடுத்துக்கொண்டது.

ஃபினாஸ் வளாகத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு அப்பால், மலைச்சரிவில் தாமான் ஹில்வியூ. இங்கே வந்ததும் பேச்சின் தொனி மாறத்தான் வேண்டும். 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணி. பத்து நாளாக விடாத மழைக்குப் பின் மலைச்சரிவு வழுக்கி, ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த மலையில் மரங்களை வெட்டித் தட்டுத்தட்டாக்கி, ஓடையைக் குழாயில் திருப்பி, வடிகால்களைக் கவனிக்காமல் விட்டதால் நீர் தேங்கித் தாங்கு சுவர்கள் சரிந்தன. மிச்சம் இரண்டு கட்டடங்களிலும் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். காலியான மாடிகளில் செடி முளைத்தது. ஆண்டுக்கணக்கில் பாழாக நின்றன.

பாழாக நின்றால் கதை வராமல் இருக்குமா? ராத்திரியில் டாக்சியை நிறுத்தி, கையில் பெரிய பொம்மையோடு ஏறும் பெண். ஹைலண்ட் டவர்ஸுக்குப் போகச் சொல்வாள். போய்ச் சேர்ந்து திரும்பினால் பின்சீட்டில் ஆள் இருக்காது. சென்னை ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலும் இதே பெண் டாக்சி ஏறியிருக்கிறாள். உலகத்தில் டாக்சி ஓடும் ஊரெல்லாம் ஏறியிருக்கிறாள். இங்கே மட்டும் முகவரி நிஜம். 2013ல் பியர் ஆந்த்ரே 'ஹைலண்ட் டவர்' என்றே பெயர் வைத்துப் பேய்ப்படம் எடுத்தார். விபத்து நடந்து இருபது ஆண்டு. இறந்தவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள்.

அமெரிக்காவின் அமிட்டிவில் வீட்டிலும் இப்படித்தான். 1974ல் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டது நிஜம். 1977ல் பேய்ப் புத்தகம், 1979ல் படம். உண்மைச் சம்பவம் என்ற முத்திரை ஒட்டுவது பிணங்களின்மேல். காசு வருவது பேயின்மேல். ஹைலண்ட் டவர்ஸில் பேயைவிடப் பயங்கரமான பகுதி நீதிமன்ற ஏடுகளில் இருக்கிறது. எஞ்சிய கட்டடங்களின் வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2000ல் உயர் நீதிமன்றம் கட்டியவர், நில உரிமையாளர், ஊராட்சி மன்றம் எனப் பலர்மேலும் பொறுப்பைப் பங்கிட்டது. 2006ல் கூட்டரசு நீதிமன்றம், ஊராட்சி மன்றத்துக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது என்று அதைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. வடிகால் வரைபடமும் சட்டப் பிரிவும் வரும் படத்தை யார் எடுப்பார்கள்? டாக்சிப் பெண்தான் எடுபடுகிறாள்.

திரும்பி வந்து கே.எல். சென்ட்ரலில் கே.டி.எம். கொம்யூட்டர் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கிள்ளான். 1886ல் கோலாலம்பூரிலிருந்து முதல் ரயில் ஓடியது இந்தத் திசையில்தான். சுபாங், ஷா ஆலம் என்று வழியில் நீளும் நகரங்களுக்கு அடியில் ரப்பர் தோட்டங்கள் படுத்திருக்கின்றன. கிள்ளானில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜாலான் தெங்கு கிளானா. புடவைக் கடை, நகைக்கடை, முறுக்கு வாசனை, ஒலிபெருக்கிப் பாட்டு. பேயைப் பற்றி நினைக்கவே நேரம் தராத தெரு.

பொந்தியானாக்கின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருக்குமானால் அது இந்தக் கடலோரத்தில் எழுதப்பட்டது. வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் சிலாங்கூர் அரசுப் பணியில் கிள்ளானுக்குத் தெற்கே குவாலா லங்காட்டில் இருந்தார். மீனவர்களிடமும் பாவாங் எனப்படும் மந்திரவாதிகளிடமும் கேட்டதைத் தொகுத்து 1900ல் 'மலாய் மேஜிக்' என்ற தடித்த புத்தகமாக வெளியிட்டார். அதில் பிரசவத்தில் இறந்து பேயாகும் தாயின் பெயர் லாங்சுயிர். பொந்தியானாக் என்பது இறந்து பிறந்த அவளுடைய குழந்தை. குழந்தை பேயானதைக் கேட்ட தாய் அதிர்ச்சியில் கைதட்டிக்கொண்டு பறந்து மரத்தில் ஏறிவிட்டாளாம். இறந்தவளின் வாயில் கண்ணாடி மணி, அக்குளில் முட்டை, உள்ளங்கையில் ஊசி வைத்துப் புதைப்பார்கள். அவள் கூச்சலிடவும் கையை விரிக்கவும் முடியாமல் செய்யும் உபாயம்.

ஸ்கீட்டின் லாங்சுயிர் கணுக்கால் வரை கூந்தலும் நீண்ட நகமும் உடையவள். உடுத்துவது பச்சை அங்கி. மீன் என்றால் கொள்ளை ஆசை; ஆற்று முகத்துவாரத்தில் மீனவர்கள் நட்ட கழிகளின்மேல் கூட்டமாக உட்கார்ந்து, மீனைத் திருடக் காத்திருப்பாளாம். பின்கழுத்தில் இருப்பது ஆணியில்லை, ஒரு துவாரம். நகத்தையும் கூந்தலையும் வெட்டி அதில் அடைத்தால் சாதுவாகிக் குடும்பம் நடத்துவாள். பச்சை அங்கி எப்படி வெள்ளையானது? கருப்பு வெள்ளைப் படத்தில், இருட்டில் பச்சை எடுபடாது; வெள்ளை பளிச்சென்று நிற்கும். தாயின் பெயரை விட்டுக் குழந்தையின் பெயரைத் தாய்க்கு வைத்த வழக்கத்தையும் படச் சுவரொட்டிகள் நிலைக்க வைத்தன. மீன் திருட்டைத் திரைக்கதையில் விட்டுவிட்டார்கள். வயிற்றுப் பசியோடு மீன் திருடும் பேயைப் பார்த்தால் பயம் வராது, பாவமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணி இறந்தால் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவது வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன பாரத்தை, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்து ஆற்ற வேண்டும் என்பது நினைப்பு. நெல்லை, குமரிப் பக்கம் அப்படி இறந்தவளை இசக்கி அம்மனாகக் கையில் பிள்ளையோடு கோயிலிலேயே வைத்துவிட்டார்கள். இந்த வழக்கங்களில் வளர்ந்தவர்கள் பால்மரம் வெட்டக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்தபோது பொந்தியானாக்கைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு வரிசையில் நின்று, நெற்றி விளக்கோடு மரவரிசைக்குள் நுழையும் பெண்கள் மோகினியையும் முனியையும் மலாய்ப் பேயையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தோட்ட எல்லையில் சூலமும் அரிவாளும் நட்ட முனீஸ்வரர், ஒருவிதத்தில் ராத்திரிக் காவல்காரர். தோட்டம் போய் வீட்டுமனைகள் வந்த இடங்களிலும் சில முனிகள், அடுக்குமாடிகளுக்கு நடுவே மரத்தடியில் பிடிவாதமாக இருக்கின்றன.

முனிக்கு வேலை நிறைய இருந்தது. 1901 செப்டம்பரில் கிள்ளானுக்கு மேற்கே போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான். சதுப்புக் காட்டை வெட்டி எழுப்பிய துறைமுகம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா தாக்கி, தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு வந்திருந்த மருத்துவர் மால்கம் வாட்சன் காட்டைச் சுத்தம் செய்து, கால்வாய் வெட்டி நீரை வடித்துக் கொசுவின் பிறப்பிடத்தை ஒழித்தார். சாவு சட்டென்று குறைந்தது. உலக மலேரியா ஒழிப்பு வரலாற்றில் கிள்ளானுக்கு இடம் பிடித்துக் கொடுத்த வேலை அது. ஆனால் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் நட மேலும் மேலும் காடு வெட்டியபோது காய்ச்சலும் கூடவே போனது. லயத்து வீடுகளில் செத்த தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை. அவர்களை வைத்து யாரும் பேய்ப்படமும் எடுக்கவில்லை.

மலேசியத் தமிழ் இயக்குநர்கள் பழைய காலத்துக்குப் போனபோது பேயைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தீபக் குமரன் மேனன் 2005ல் எடுத்த 'செம்மண் சாலை' 1960களின் ரப்பர் தோட்டத்தில் படிக்க ஆசைப்படும் பெண்ணின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துச் சிறுவன், குண்டர் கும்பலின் நிழலில் வளர்கிறான். 2015ல் வெளியான இந்தப் படம் மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் போட்டிக்கு வந்தபோது, மலாய் மொழியில் இல்லை என்பதால் தனிப் பிரிவில் ஒதுக்கப்பட்டது. திரைத்துறையினர் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள், விதி மாற்றப்பட்டது, சிறந்த படத்துக்கான விருதை 'ஜகாட்' வாங்கியது. மலாய் சினிமாவின் தொடக்க காலத்தில் ராஜ்ஹன்ஸும் ராவும் கிருஷ்ணனும் எடுத்தவை மலாய்ப் படங்களா என்று அப்போது யாரும் கேட்டதில்லை.